முக்கால் அங்குலம்

உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் சூடாக வந்தால் நம் சங்கக் கூட்டம் அரை மணியில் முடிந்துவிடும், ஆறிப்போய் வந்தால் இரண்டு மணி நேரம் இழுக்கும். பதினோரு வருடமாகக் கவனித்து வருகிறேன். அதனால்தான் என்னை விசாரிக்க உட்கார்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் பங்சாரிலிருந்து சூடாக வாங்கி, இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். வழக்கமாக வாங்கும் பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு இப்போது நான் போவதில்லை. ஏன் என்று பிறகு வரும். சாப்பிட்டுக்கொண்டே படியுங்கள்.

எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருந்தீர்கள். கொடுக்கிறேன். நம் மறுவாழ்வு மருத்துவச் சங்கத்துக்கு டாக்டர் யோகநாதன் மாதத்தில் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் சங்கம் என்றால் குழுக்கள்தான். மாணவர் குழு, உபகரணக் குழு, சிற்றுண்டிக் குழு, ஆண்டுமலர்க் குழு, போதாததற்குக் குழுக்களைச் சீரமைக்கும் குழு. முதல் இரண்டுக்கும் நான் தலைவன். மற்றவற்றுக்கும் இருந்திருப்பேன். நீங்கள் வருத்தப்படுவீர்களே என்று விட்டுவிட்டேன்.

நான் கிள்ளானில் புடவைக் கடையில் வளர்ந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். வாசலில் ஏறும்போதே ஒரு அம்மாவுக்கு எந்தச் சேலை பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அதை முதலில் எடுத்துப் போட மாட்டோம். அடியில் வைத்துக்கொண்டு மேலே முப்பது சேலையைப் பிரித்துப் போடுவோம். பிடித்தது கைக்கு வந்ததும் அவர் எழுந்து போய்விடுவார். உட்கார்ந்திருக்கும் வரைதான் கடை நிறைந்து தெரியும், நிறைந்த கடையைப் பார்த்துத்தான் அடுத்தவர் ஏறுவார். இதில் யாரையும் ஏமாற்றுவதாக நாங்கள் நினைத்ததில்லை. அந்தச் சேலை எப்படியும் அவருக்குத்தான்.

எண்பத்து நாலாம் வருடம் வரை நம்மிடம் வந்த மாணவர்களை நினைத்துப் பாருங்கள். முதல் சனிக்கிழமை வந்து பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். இரண்டாவது சனிக்கிழமை படம் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது சனிக்கிழமை எல்லாருக்கும் பரீட்சை வந்துவிடும். நோயாளிகளும் நானும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

எண்பத்தைந்து பிப்ரவரியில் கன்னையா வந்தான். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், ரயில் தடம் மாற்றிவிடுகிற ஆள். இரண்டு வேகனுக்கு நடுவில் மாட்டி இடது தொடை எலும்பு முறிந்து, ஒட்டும்போது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. ஆனால் வாய் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை. பயிற்சிக் கம்பிகளுக்கு நடுவில் நொண்டி நடந்து காட்டி, எதிரில் நிற்கும் மருத்துவ மாணவர்களுக்கு அவன்தான் பரீட்சை வைப்பான்.

"எந்த இடுப்பு இறங்குது, சொல்லு. டேய் டாக்டர் தம்பி, என் காலைப் பாருடா. அந்தப் பிள்ளைய ஏன் பார்க்கிற, அதுவா நொண்டுது?"

சிரித்துக்கொண்டே கற்றார்கள். மூன்றாவது சனிக்கிழமையும் வந்தார்கள். கூடவே இன்னும் ஏழு பேரைக் கூட்டி வந்தார்கள். எனக்கும் கம்பி ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு வைப்பான். "வேலு அண்ணே வந்துட்டாரு, இனி ஆரம்பிக்கலாம்லா" என்பான். என்னைப் பார்த்து யாரும் எதையும் ஆரம்பித்ததில்லை அதுவரை.

மார்ச் மாதம் டாக்டர் யோகநாதன் அவனைப் பார்த்துவிட்டு, இடது கால் சப்பாத்தின் அடித்தோலை ஒன்றரை அங்குலம் உயர்த்தச் சொல்லிச் சீட்டு எழுதினார். "ஆறு மாசம் ஒழுங்கா நடந்தா டூட்டிக்குத் திரும்பலாம்" என்றார். கன்னையா எல்லாருக்கும் லட்டு கொடுத்தான். நான் அதைத் தின்றுகொண்டே எண்ணிப் பார்த்தேன். ஆறு மாதம் என்றால் இருபத்தாறு சனிக்கிழமை.

சீட்டைச் சப்பாத்து தைக்கும் தம்புசாமியிடம் கொண்டுபோவது உபகரணக் குழுவின் வேலை, அதாவது என் வேலை. பேரத்தில் எதிரில் இருப்பவர் ஒன்றரை என்றால் முக்கால் என்று பதில் சொல்வது எங்கள் குடும்பத்தில் மூச்சு விடுகிற மாதிரி. டாக்டர் சீட்டை மடித்துக் கோப்பில் வைத்தேன். வேறு சீட்டில் என் கையால் முக்கால் என்று எழுதித் தம்புசாமியிடம் கொடுத்தேன்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் அவனிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. கொடுத்ததில்தான் கொஞ்சம் குறைந்தது. முதல் நாள் அதைப் போட்டு நடந்துவிட்டு, "அண்ணே, முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். உண்மையும் அதுதான். மீதி முக்கால் எங்கேயும் போய்விடவில்லை, அடியில் இருந்தது. நேரம் வரும்போது எடுத்துப் போடலாம் என்று இருந்தேன்.

டாக்டர் மாதம் ஒரு நாள் ஐம்பது பேரைப் பார்க்கிறவர். உயர்த்திய சப்பாத்து காலில் இருக்கிறதா என்று பார்ப்பார், இருக்கும். அளவுகோல் வைத்துப் பார்க்க அவருக்கு ஏது நேரம். நடை சரியாகவில்லை என்றால் பயிற்சியைக் கூட்டுவார். கன்னையாவும் கூட்டிச் செய்வான். வருடக் கடைசியில் அவனுக்கு முதுகு வலி வந்தது, பிறகு இடுப்பு வலி. மாணவர்களுக்கு அவை புதுப் பாடங்கள். எண்பத்தாறில் நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள், பேட்ஜ் போதவில்லை. பத்திரிகையில் நம் படம் வந்தது. நடுவில் கன்னையா, பக்கத்தில் நான். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டத் தீர்மானம் கொண்டுவந்தவர்கள் நீங்கள்.

ரயில்வே அவனை நவம்பரில் மெடிக்கல் போர்டு முன்னால் வரச் சொன்னது. சரியாக நடந்தால் வேலையும் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடும் நிற்கும், இல்லையென்றால் இரண்டும் போகும். அக்டோபரில் மூன்றாவது சப்பாத்துக்குச் சீட்டு எழுதும்போது ஒன்றரை என்று போடத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் டிசம்பரில் பினாங்கிலிருந்து ஒரு பஸ் நிறைய மாணவர்கள் வருவதாக ஏற்பாடு. வருகிறவர்களுக்கு யாரைக் காட்டுவது.

போர்டுக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டிருந்தான். சப்பாத்தைப் பளபளவென்று துடைத்திருந்தான், அடிப்பக்கத்தையும் சேர்த்து. அறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னார்களாம். திரும்பி வரும்போது முதுகு பிடித்துக்கொண்டு, மேசையைப் பிடித்துவிட்டானாம். வெளியே வந்து, "என்னண்ணே, ரெண்டு வருசம் நடந்தேன், அந்தப் பத்தடி நடக்க முடியலையே" என்றான். அன்று அவன் தமாஷ் எதுவும் பேசவில்லை. வழியில் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

என் தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன். வேலை போனால் அவனுக்குச் சனிக்கிழமை மட்டுமல்ல, எல்லா நாளும் ஒழிவாக இருக்கும் என்று நினைத்தேனே தவிர, வீட்டைக் காலி செய்துகொண்டு கிள்ளானைத் தாண்டி மேருவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவான் என்று நினைக்கவில்லை. ஆனாலும் சமாளித்தேன். சனிக்கிழமை காலையில் சங்க வேன் மேருவுக்குப் போய் அவனை ஏற்றி வரும்.

கனகேஸ்வரியைப் பற்றி உங்களிடம் நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறேன். பிசியோதெரபி மாணவி, அளந்து பேசுகிற பெண், அளக்கவும் செய்கிற பெண். இந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை, கன்னையாவை நிற்க வைத்து, அலமாரியிலிருந்த நம் ஆண்டறிக்கைகளை அவன் இடது சப்பாத்துக்கு அடியில் ஒவ்வொன்றாகச் செருகினாள். நாலாவது அறிக்கை போனதும் இடுப்பு இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தன. "ஏ பிள்ள, முதுகு வலிக்கலையே" என்று சத்தமாகச் சிரித்தான். நம் ஆண்டறிக்கையால் ஒருவருக்குப் பிரயோசனம் ஏற்பட்டது அன்றுதான்.

அடுத்த கூட்டத்தில் அவளைச் சிற்றுண்டிக் குழுவுக்கு மாற்றினேன். வழிமொழிந்தது நீங்கள் மூவரும். அடுத்த சனிக்கிழமையே அவள் பிரிக்பீல்ட்ஸுக்குக் கறிபாப் வாங்கப் போனாள். கறிபாப் கடைக்கு அடுத்த ஐந்தடியில்தான் தம்புசாமி உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. தம்புசாமி எந்தச் சீட்டையும் எறிகிறவர் அல்ல, கம்பியில் குத்தி வைப்பவர்.

ஜூலையில் என் மூன்று சீட்டையும், கோப்பிலிருந்த டாக்டர் சீட்டையும் கொண்டுவந்து என் மேசையில் வரிசையாக வைத்தாள்.

"அங்கிள், டாக்டர் எழுதினது ஒன்றரை. நீங்க மூணு தடவையும் முக்கால்னு எழுதியிருக்கீங்க. தெரியாம எழுதிட்டீங்க, இல்ல?"

நல்ல பெண். போவதற்கு எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தாள்.

"மூணு தடவை தெரியாம எழுத முடியாதும்மா" என்றேன்.

"அப்ப ஏன் அங்கிள்?"

"நீ வந்தியே. நாற்பத்து மூணு பேர் வந்தீங்களே."

அவள் தன் பேட்ஜைக் கழற்றி, சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மீதி உங்களுக்குத் தெரியும். இப்போது ஒன்றரை அங்குலச் சப்பாத்து தைத்துக் கொடுத்தாகிவிட்டது. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, முதுகு அந்த வளைவுக்கே பழகிவிட்டது என்கிறார் டாக்டர். "ரெண்டு வருசத்துக்கு முந்தி என்றால்" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். செய்தது நான்தான். முழுக்க நான்தான், தம்புசாமியை இதில் இழுக்காதீர்கள்.

கன்னையாவுக்குக் கனகேஸ்வரி சொல்லிவிட்டாள். அன்று அவன் வந்தான். பழைய சப்பாத்தை மட்டும் என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனான், என்னிடம் ஒரு ஞாபகமாக இருக்கட்டும் என்று. அதற்குப் பிறகு நாலு சனிக்கிழமை ஆகிறது. நீங்கள் வேனை நிறுத்திவிட்டீர்கள். மேரு பஸ்ஸில் படி உயரம், அந்தக் காலை வைத்துக்கொண்டு அவனால் ஏற முடியாது. அதனால்தான் வரவில்லை. இந்தச் சனிக்கிழமை ஒரு தடவை மட்டும் வேனை அனுப்பிப் பாருங்கள். கம்பி ஓரத்தில் இந்தத் தடவை நான் அவனுக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன். சப்பாத்தையும் துடைத்து வைத்திருக்கிறேன், அடிப்பக்கத்தையும் சேர்த்து.