கோடு இல்லாத மாத்திரை

நான் சர்க்கரை இல்லாத டீதான் குடிப்பேன். பரவாயில்லை, வாங்கி வந்தவரைத் திட்டாதீர்கள். வக்கீல் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று என் மேனேஜர் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு மருந்துக் கடைகள் இருக்கின்றன. பதினோரு கடை, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். ஆனால் நான் தொடங்கியது ஆஸ்பத்திரி வாசலில், வேறொருவர் கடையில், மருந்து வரும் அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கிற வேலையில். பகலில் பிரித்த அட்டையை இரவில் விரித்துப் படுப்பேன். கைதூக்கி விட எனக்கு ஒரு ஆள் கிடையாது.

என் மனைவி அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். சீட்டை நீட்டி, "சிஸ்டர், இது மருந்துப் பேரா, டாக்டர் கையெழுத்தா?" என்று கேட்பேன்.

"ரெண்டும் இல்ல. பேனா எழுதுதான்னு பாத்திருக்காரு" என்பாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். அவள் தங்கை தலையில் அடித்துக்கொள்வாள்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் பஸ் வரவில்லை. இரண்டு பேரும் நடந்தே வந்தோம். வழியில் ஒரு பெரிய வீடு. வெள்ளை கேட், மாடியில் வளைந்த பால்கனி. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். "இப்படி ஒரு வீட்ல ஒரு நாள் தூங்கினாப் போதும்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் பத்தொன்பது வருஷம் ஓடினேன். முதல் கடை திறந்த வருஷம் அவளுக்குக் குழந்தை உண்டானது. இப்போது வேண்டாம், கொஞ்சம் காலூன்றிக்கொள்வோம் என்று சொன்னது நான். கலைத்தோம். பிறகு கரு தங்கவே இல்லை. அதற்காக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அதே வீட்டை வாங்கினேன். நீங்கள் நேற்று சோதனை போட்டீர்களே, அதுதான். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, அன்று அவள் சொன்னதை நினைவுபடுத்தினேன்.

"அன்னைக்குக் கால் வலிச்சிருக்கும். அதனால சொல்லியிருப்பேன்."

நான் சிரித்தேன்.

முதலாளி மனைவி ஊசி போட்டுக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது என்று வேலையை விடச் சொன்னேன். விட்டாள். எட்டு அறை வீட்டில் ஒரே அறையில் இருந்தாள். சாப்பாட்டு மேஜை இருக்க, சமையலறையில் நின்றபடி சாப்பிட்டாள். நான் கடைகளைச் சுற்றிவிட்டு வருவதற்குள் தூங்கிவிடுவாள். எல்லா வீட்டிலும் அப்படித்தானே என்று இருந்தேன்.

ஒரு காலை, காபியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள். "தங்கச்சி வீட்டுப் பக்கத்துல ஒரு சின்ன கிளினிக். நர்ஸ் வேணுமாம். நான் போலாம்னு இருக்கேன்."

"இவ்ளோ தூரம் தினமும் எப்படிப் போய்ட்டு வருவே?"

"வரலங்க. அங்கேயே தங்கிக்கிறேன்."

"உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் இல்ல. அந்த அட்டைப்பெட்டிக்காரரைத்தான் நான் கட்டிக்கிட்டேன். அவரு எங்கேயோ போயிட்டாரு. திரும்பி வருவாருன்னு ரொம்ப நாள் பாத்துட்டேன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். ஒரே ஒரு மாதம் பொறுத்துக்கொள் என்று கேட்டேன். சரி என்றாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன். என் வயதில் ஒரு ஆள் அப்படி அழக்கூடாது. அவள் போய்விட்டால் அந்த வீட்டை நான் யாருக்குக் காட்டுவேன்?

ஆறு வருஷத்துக்கு முன் அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்து, தைராய்டு சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் காலை வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஆயுளுக்கும். உடம்பின் அடுப்பை எரிய வைப்பது அதுதான். நிறுத்தினால் உடனே ஒன்றும் ஆகாது. அடுப்பு மெல்லத் தணியும்.

அந்த மாத்திரைப் புட்டியில் நான் வேறு மாத்திரையைப் போட்டு வைத்தேன். அதே அளவு, அதே வெள்ளை. வெறும் சத்து மாத்திரை. விஷம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். கொடுக்கக் கூடாத எதையும் நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

மாதம் முடிவதற்குள் அவளுக்கு அசதி வந்துவிட்டது. கிளினிக்கில் இன்னும் சில நாள் தவணை கேட்டாள். பிறகு அவர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். நர்ஸ் இல்லையா, அவளுக்கே சந்தேகம் வந்து ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்றாள். என் கூடத்திலிருந்து ஆள் வந்து எடுத்துப் போனார். ரிப்போர்ட்டை நானே கொண்டுவந்தேன். எல்லா எண்ணும் சரியாக இருந்தது. சரியாக இருக்கும்படி நான் டைப் அடித்திருந்தேன்.

"அப்ப மனசுதான் சரியில்ல போல" என்றாள். வெட்கப்பட்டாள்.

சமையல்காரம்மாவை நிறுத்தினேன். கடைகளை மேனேஜரிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். கஞ்சி வைத்து ஊட்டினேன். தலை வாரிவிட்டேன். சீப்போடு வந்த முடியை அவள் பார்த்துக் கவலைப்படாதபடி சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். முகம் உப்பியது, குரல் தடித்தது, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். எப்போதும் குளிர் அவளுக்கு. என் கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொள்வாள். சூட்டுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிடித்தாளே. நான் பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அவள் தங்கை போனில், "அத்தான், அக்கா குரல் ஆம்பளக் குரல் மாதிரி இருக்கு. வேற டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள்.

"காட்டிட்டேன்மா. நல்லா ரெஸ்ட் எடுக்கணுமாம்."

ஐந்தாவது மாதம் மழை விடாமல் பெய்தது. அவளுக்குச் சளி பிடித்தது. ஒரு காலை, மாத்திரையை வாயில் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல கோடு இல்ல."

"என்ன கோடு?"

"நடுவுல. ரெண்டா உடைக்கிறதுக்கு. என் மாத்திரைல இருக்கும்." ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "எத்தன நாளா?"

நான் பொய் சொல்லவில்லை. "அஞ்சு மாசமா."

கத்துவதற்கு அவளிடம் தெம்பு இல்லை. அழவும் இல்லை. வார்டில் பேசுகிற பழைய குரல் எங்கிருந்தோ வந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே. இன்னும் நேரம் இருக்கு."

கார் சாவி என் கையில்தான் இருந்தது. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"குணமானதும் நம்ம வீட்டுக்கு வருவியா, சிஸ்டர்?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாட்டேன்."

திரும்ப ஒரு தடவை கேட்டேன். அதே பதில்தான்.

அவள் போனை எடுத்து அணைத்தேன். கதவைச் சாத்தினேன். இரண்டு கம்பளி போர்த்தி, காலைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன். அன்று சாயங்காலம் பேச்சு நின்றது. மறுநாள் முழுக்க மூச்சு மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அதுவும் நின்றது. அதுவரை நான் அந்த அறையை விட்டு நகரவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறகு அவள் தங்கைக்கு நானே போன் செய்தேன். வந்தவள் அந்தப் புட்டியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். தடுக்கவில்லை.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் நீங்களே யோசித்துப் பாருங்கள். 'வருவேன்' என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே காரை எடுத்திருப்பேன். பிழைக்கமாட்டார்கள் என்று தெரிந்த எத்தனையோ நோயாளிகளிடம், நாளைக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள் என்று சிரித்துக்கொண்டே பொய் சொன்னவள் அவள். அவளுக்காகவே வாழ்ந்தவனுக்கு ஒரே ஒரு பொய் சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவு கல்நெஞ்சம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.