பிடிக்காத அம்மைப்பால்

கொடிகாமத்துப் பள்ளிக்கூடமொன்றில் வைசூரிக்கு அம்மைப்பால் குத்தினார்கள். ஒரு மணித்தியாலமாக வெயிலில் வரிசையில் நின்று எரிச்சலில் இருந்தேன். அப்போதுதான் எனக்குப் பின்னால் இடுப்பில் பிள்ளையோடு நின்றவள் தன் மச்சாளிடம் சத்தமாகச் சொன்னாள்:

"உந்தக் குத்தாலை ஒரு பிரயோசனமும் இல்லை மச்சாள். பிள்ளைக்கு ரெண்டு தரம் குத்தியாச்சு, பிடிச்சதுக்கு அடையாளமா ஒரு கொப்புளம் வரேல்லை. பாலிலை தண்ணி கலக்கிறாங்கள் போலை."

"என்ரை மூண்டுக்கும் முதல் தரமே பிடிச்சுதே! குத்திக்கொண்டு போய் நீ என்ன செய்தனி?"

"வேறை என்ன? வீட்டுப் படலையடியிலையே குத்தின இடத்தைத் தேசிக்காய்ப் புளி தேய்ச்சுக் கழுவினனான். இல்லாட்டி கோயில் அம்மாளுக்குக் கோவம் வருமெல்லோ."

"அடி விசரி! கழுவிப்போட்டுப் பாலையோ குறை சொல்லுறாய்? பிறகேன் இண்டைக்கும் வந்தனி?"

"பக்கத்து வீட்டுப் பெட்டைக்கு வைசூரி கண்டிட்டுது. பயமாக் கிடக்கு மச்சாள்."

மச்சாள் அவளுடைய ஓலைப்பையைப் பறித்துத் திறந்தாள். உள்ளே இரண்டு தேசிக்காய், பச்சை எலுமிச்சை, கிடந்தன.

"உதென்னடி?"

அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"அது... சொதிக்குப் புளி விட."