சனிக்கிழமை கஸ்டமர்

ஆமாங்க, அது நான்தான். ஹெல்மெட் போட்டா ஆள் அடையாளம் தெரியாதுன்னு நெனச்சுட்டேன். நீங்க குடையப் பிடிச்சுக்கிட்டு கீழ நின்னு பத்து நிமிஷம் அண்ணாந்து பாத்தீங்களே, அப்பவே எனக்கு வேர்த்துருச்சு. அந்த லிஃப்ட் வண்டிக் கூடையில ஒளியவா முடியும்? திரும்பி மரத்தப் பாத்து நின்னுக்கிட்டேன். முதுக வச்சே கண்டுபிடிச்சுட்டீங்க.

கோவம் நியாயம்தான், இல்லன்னு சொல்லல. போன வாரம்தான் உங்க செடிக்கடைக்கு வந்து, ஃபெர்ன் செடிக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்தணும்னு பச்சப்புள்ள மாதிரி கேட்டேன். நீங்களும் பொறுமையா சீட்டுல எழுதிக் குடுத்தீங்க. அந்த ஆளு நேத்து வானத்துல நின்னுக்கிட்டு நாலு பேருக்கு, இந்தக் கெளைய இங்க வெட்டு, அத அங்க விடுன்னு பாடம் எடுத்தா யாருக்குத்தான் எரியாது. அந்த ஹோஸ மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க, ஷூ நனையுது. வேணும்னேதான் பிடிக்கிறீங்களா? சரி, பிடிங்க.

முழுசாச் சொல்லிடறேன். எனக்குச் செடி தெரியும். பத்தொம்பது வயசுல எங்க மாமா கொண்டுபோய் ஒரு நர்சரியில விட்டாரு. ஆசைப்பட்டுப் போகலங்க, வேற யாரும் வேலை தரல. மூணு வருஷம் கவர்ல மண்ணு ரொப்புனேன். அப்புறம் ஒட்டுக் கட்டக் குடுத்தாங்க. மொத நூறு ஒட்டுல பொழச்சது ஆறு. மொதலாளி அந்த ஆறையும் வரிசையா வச்சு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுனாரு. அடுத்த தடவ எண்பது பொழச்சுது. அத மட்டும் யாருக்கும் காட்டல, பாருங்க.

கஸ்டமர் கதையா? அது உங்களுக்குத் தெரியாததா. ஒருத்தர் வாங்குன செடிய ஒம்பது நாள் கார் டிக்கியில வச்சுட்டு, செத்துப்போச்சு மாத்திக் குடுன்னு வந்து நின்னாரு. சிரிச்சுட்டீங்க. அப்பாடா.

எட்டாவது வருஷம் பெரிய காத்து. நர்சரி ஷெட்டு மேல ஒரு மரம் சாஞ்சிருச்சு. மரம் ஏறுறவங்க நாலு பேர் பெல்ட்டு, கயிறு, மெஷின் ரம்பத்தோட வந்தாங்க. கயித்துல ஒரு முனைய என்கிட்ட குடுத்து, இழுத்துப் பிடி தம்பின்னாங்க. பிடிச்சேன். மரத்த எறக்கி முடிச்சு டீ குடிக்க உக்காந்துட்டாங்க, நான் இன்னும் பிடிச்சிட்டிருக்கேன். யாரும் விடச் சொல்லலியே. அவங்க மேஸ்திரி அதப் பாத்துட்டு, இவன் நமக்கு வேணும்டான்னாரு. அடுத்த மாசம் அவங்க கூடச் சேந்தாச்சு. வீட்டுக்காரிதான், ரெண்டடிச் செடி வளத்துட்டிருந்தவருக்கு அறுபதடி எதுக்குன்னு நாலு நாள் பேசல.

பதினோரு வருஷம் ஏறினேன். மரத்துக்குன்னு ஒரு கணக்கு இருக்குங்க. கெளை ஆரம்பிக்கிற எடத்துல லேசா ஒரு வீக்கம் இருக்கும், வளையல் போட்ட மாதிரி. அதத் தொடாம வெட்டுனா மரம் காயத்தத் தானே மூடிக்கும். அதையும் சேத்து வழிச்சா உள்ளுக்குள்ள அழுக ஆரம்பிச்சிரும், வெளிய தெரிய வருஷமாகும். எத்தனையோ பேர் வழிச்சு விட்டத நான் போய்ப் பாத்திருக்கேன்.

அப்புறம் முட்டி போச்சு. வீட்டுக்காரியும் போய்ச் சேந்துட்டா. ஏழு வருஷம் ஆகுதுங்க, காய்ச்சல்னு படுத்தவதான். பொண்ணு பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தா. நானும் கரண்ட் லைன் வேலைக்கு நாப்பத்தொரு வயசுல பரீட்சை எழுதுனேன், ரெண்டு பேருக்கும் ஒரே வாரம். எந்த மரம் வருஷத்துக்கு எத்தன அடி வளரும், கம்பிக்கும் கெளைக்கும் எவ்வளவு தூரம் இருக்கணும், எல்லாம் அவதான் கேள்வி கேப்பா. தப்பாச் சொன்னா எனக்கு டீ கெடையாது. ரெண்டு பேரும் பாஸு.

இப்ப வேலையே அண்ணாந்து பாக்கறதுதான். எந்த மரம் இருக்கலாம், எது கூடாதுன்னு எழுதிக் குடுக்கணும். கரண்ட் போச்சுன்னு திட்டிப் போன் வரும். மரத்த ஏன்டா வெட்டுனீங்கன்னு திட்டிப் போன் வரும். நம்பரப் பாத்தா ரெண்டும் ஒரே ஆளு.

விஷயத்துக்கு வர்றேன். உங்க வாசல்ல நிக்குதே, இந்த மரம். இது நெழலத்தான் உங்க பாதிக் கடை நம்பியிருக்கு. இதுக்கு ஆர்டர் வந்துச்சு. அடியோட எடுக்கணும்னு. உக்காருங்க, உக்காருங்க, எடுக்கல. மொத சனிக்கிழமை நான் செடி வாங்க வரல. அந்த ஆர்டரப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டு வந்தேன். நீங்க இந்த மரத்தடியில ஒரு தொட்டியப் பிடிச்சுத் திட்டிட்டு இருந்தீங்க, இவ்வளவு தண்ணி குடிச்சியே, ஒரு எலையாவது விட்டியான்னு. எனக்குக் காகிதத்த எடுக்கக் கை வரல. ஒரு ஃபெர்ன வாங்கிட்டுப் போயிட்டேன். ரெண்டாவது வாரமும் அதே கதை.

மூணாவது வாரம் நல்லா அளந்து பாத்தேன். வேர் கெட்டி. ரெண்டு கெளைய எடுத்துட்டு, இந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல மட்டும் மேலுறை போட்ட கம்பி மாத்துனா மரம் பாட்டுக்கு நிக்கும்னு எழுதிக் குடுத்தேன். இஞ்சினியர் கூப்பிட்டு, நாளைக்கு எதாவது ஆனா யாரு பொறுப்புன்னாரு. என் பேரப் போட்டுக்கங்கன்னேன். இந்தாங்க, கையெழுத்தான காகிதம். அடுத்த வாரம் கம்பி மாத்த வருவாங்க, ஒரு நாள் கடையச் சாத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அய்யோ, அழாதீங்க. ஹோஸ் வேற கீழ ஓடுது.

தேதியா? ஆமா, அது ரெண்டு மாசத்துக்கு முந்துன தேதிதான். நல்லாத்தான் பாக்குறீங்க. மரத்துக்காக வந்தது மூணு சனிக்கிழமை. அதுக்கப்புறம் வந்த எட்டுக்கும் எந்த ஆர்டரும் இல்லீங்க.

அப்புறம் எதுக்கு வந்தேன்னா? பொண்ணும் இதத்தான் கேட்டா. வாராவாரம் இங்க வாங்கிட்டுப் போன தொட்டியால துணி காயப்போடப் பால்கனியில எடமில்ல. ஒண்ணு அவங்ககிட்ட வாயத் தொறந்து கேளுங்கப்பா, இல்லன்னா வேற கடைக்குப் போங்கன்னு சொல்லிட்டா.

வேற கடைக்குப் போக எனக்கு மனசில்லீங்க.