நெஞ்சு துடிக்கிற வரைக்கும்

"உயிரியல் படிச்சா உசுரு எங்க கீதுன்னு காட்டிடுவியா?" நான் கல்லூரியில் சேர்ந்த அன்று பெரியப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். இதயம் வெறும் தசை என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்.

நேற்று உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு மாமியாரும் மருமகளும் கருமாதிச் சாமான் வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கி தாலி அறுப்பாங்களே, அத்தே."

"கருமாதி, எரிச்ச ஒடம்புக்குத்தான்டி. தாலி மேல எவளும் கை வெக்கக் கூடாது. என் புள்ள நெஞ்சு மெட்ராஸ்ல யாருக்குள்ளயோ துடிச்சிக்கினு கீது. அவன் உசுரோட கீறான்."

"மூள செத்தா ஆளே செத்த மாரின்னு டாக்டர் சொன்னாரே. அப்புறம்தான நெஞ்ச தானம் குடுத்தோம்?"

"மூளையாடி உன்னக் கட்டிக்கினு வந்துச்சி?"

மருமகள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த நெஞ்ச ஒரு பொம்பளைக்கு வெச்சாங்களாம், அத்தே. நர்சம்மா சொல்லிச்சி."

மாமியார் மடியிலிருந்த காலிப் பையை நீவி மடித்தாள்.

"அப்போ எனக்குப் பொண்ணு. உனக்கு நாத்தனாரு. தாலி இருக்கட்டும்."

மருமகள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. தாலியை எடுத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள்.

இறங்குவதற்குள் கைபேசியில் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தேன். 'இதயம்' என்ற இடத்தில் மட்டும் விரல் நின்றது. பிறகு அதையும் அழுத்திவிட்டேன்.