தினமும் பார்க்க வேண்டிய அட்டை

“கண்ணு மங்குதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே இந்த யோசன வந்துட்டு” என்று அந்த அம்மாள் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். பள்ளிவாசல் எஸ்டேட்டுக்கு மலையேறும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கணவனும் மனைவியும் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் மனப்பாடம் செய்ய வேத வசனம் எழுதிய அட்டைகள் அந்த அம்மாளின் மடியில் இருந்தன. தடுமாறும் வசனங்களின் கட்டைத் தினமும், நன்றாகப் பதிந்தவற்றின் கட்டை மாதம் ஒருமுறையும் பார்ப்பாராம்.

“மாசக் கட்ட இப்பவே ஏன் பிரிக்க, எஸ்தரு?”

“அடுத்த மாசம் பார்வ இருக்காதுன்னு டாக்டர் சொன்னது உங்க காதுல விழலயா?”

கணவர் ஓர் அட்டையைக் கையில் எடுத்தார். “நீ சொல்லு. அட்டையப் பாத்து நான் திருத்துதேன்.”

“நல்லாத் திருத்துவீய. தலகீழாப் புடிச்சுக்கிட்டு, நான் எதச் சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டுவீய. ஒரு எழுத்து தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

அந்த அம்மாள் வெற்று அட்டை ஒன்றைக் கண்ணோடு ஒட்டப் பிடித்து, பெரிதாக ‘அ’ எழுதி அவர் கையில் கொடுத்தார்.

“இது தினமும் பாக்குற கட்டு. நாளைக்கு ‘ஆ’.”