தேவமணியின் பிள்ளைக்குப் போட்ட இலை

என் பெயர் சுகிர்தா, வயது 59, கணவர் பெயர் காலஞ்சென்ற பாக்கியசீலன். பாளையங்கோட்டை தாலுகா, புதுஞானபுரம் கோயில் தெருவில் குடியிருந்து தையல் கடை நடத்தி வருகிறேன். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நேற்று மதியம் எங்கள் ஆலயத்தில் அசன விருந்து நடந்தது. பெண்கள் பந்தியில் முக்காடு போட்ட ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்ததும், போன வருடம் இறந்த என் சிநேகிதி தேவமணியின் பிள்ளை, மகனாக வளர்ந்து வீட்டை விட்டுப் போன பிள்ளை என்று தெரிந்துகொண்டேன். அதன் பிறகு, "ஏட்டி, சேலை கட்ட யாரு சொல்லித் தந்தா?" என்று கேட்டேன். "அம்மா கட்டுததப் பாத்துத்தான் சித்தி" என்றாள். பேர் கேட்டதற்கு ஸ்டெபி என்றாள். யார் வைத்தது என்றும் கேட்டேன். "பொம்பளப் பிள்ள பொறந்தா வைக்கணும்னு அம்மா நெனச்சிருந்த பேரு. ஆஸ்பத்திரியில கெடக்கையில எனக்கே தந்துட்டா" என்றாள்.

அதன் பிறகு ஆலயக் கமிட்டி உறுப்பினர் ஹெப்ரான் வாளியுடன் வந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிடுங்கக்கா" என்று ஸ்டெபியை உபசரித்தார். "போதும் அண்ணாச்சி" என்ற குரலைக் கேட்டதும், "ஏலே, நீ தேவமணி மவம்லா? எந்திலே!" என்று சத்தம் போட்டு இலையை இழுத்ததில் சோறு மண்ணில் கொட்டியது. ஆண் பெண்ணுடை உடுத்துவது வேதத்துக்கு விரோதம் என்றார். "பாதிரி ஐயரும் கால் வரைக்கும் அங்கி போட்டுத்தானே வாராவ, அது எந்தக் கணக்கு?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வழிப்போக்கர் வந்தாலும் உட்கார வைத்துச் சோறு போடுவதுதான் அசனம். பாதிச் சாப்பாட்டில் யாரையும் எழுப்பி நான் பார்த்ததில்லை. அதன் பிறகு என் இலையை நடுவில் நகர்த்தி வைத்து இருவரும் அதிலேயே சாப்பிட்டோம்.

பெண்களிடம் தவறாக நடப்பதற்கு வேடமிட்டு வந்ததாக ஹெப்ரான் கொடுத்த புகாரின் பேரில் ஸ்டெபியை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு இன்று காலை நானாகவே வந்தேன். தேவமணியின் மகள் யாரையும் தொடவில்லை. சாப்பிடத்தான் வந்தாள். வழக்குப் போடுவதானால் இடம் கொடுத்த என் மேலும் போட வேண்டும்.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "பெண் வேடமிட்ட ஆண்" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. மற்றதெல்லாம் நான் சொன்ன உண்மை. அந்த இடத்தை மட்டும் அடித்து, "தேவமணியின் மகள்" என்று எழுதிய பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) பா. சுகிர்தா