முதுகில் பட்டன் வைத்த ஸ்வெட்டர்

சென்னையில் நல்ல உல்லன் நூல் கிடைக்காது என்று பலபேர் நினைக்கிறார்கள், மேடம். கிடைக்கும். தாம்பரம் மார்க்கெட்டில் சேட்டு கடையில் கேட்டால் பரண்மேலிருந்து இறக்கித் தருவார். கொஞ்சம் பாச்சை உருண்டை வாடை அடிக்கும். வெயிலில் காயப்போட்டால் போய்விடும்.

ஏன் என்று மட்டும்தான் கேட்டீர்கள். எனக்கு நூலிலிருந்து தொடங்கினால்தான் சொல்ல வரும். பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இன்றைக்கும் மெட்டில்டா டீச்சர் என்றால் ஊசியும் நூலும்தான் ஞாபகம் வரும். ராஜகீழ்ப்பாக்கத்தில் சொந்த வீடு. என் கணவர் தனசிங் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்தவர். ஒரே மகள் ஜென்சி, கல்யாணமாகி கனடாவில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் இருக்கிறாள்.

அவருக்கு உஷ்ண உடம்பு. சர்ச்சில்கூட ஃபேனுக்கு நேர் கீழேதான் உட்காருவார். ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினால் மறுநாள் காலையில்தான் திரும்பப் போடுவார். கல்யாணமான புதிதில் நீலக் கலரில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் அதைத் தூக்கிக் காட்டி, "மெட்ராஸ்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு அலையுற பைத்தியமா நான் ஆகணும்னு என் பொண்டாட்டிக்கு ஆசை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அதை ஸ்கூட்டர் துடைக்க வைத்துக்கொண்டார். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. உல்லன் நன்றாகவே துடைக்கும்.

போன கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவருக்கு பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் அசையும். கண் நன்றாகத் தெரியும், நாம் சொல்வதும் புரியும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் ஜென்சி போன் செய்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். "அக்டோபர்ல டெலிவரிம்மா. நீ இல்லாம என்னால முடியாது. அப்பாவை மூணு நாலு மாசம் ஒரு நல்ல ஹோம்ல விடலாம்மா. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துல ஒண்ணு இருக்காம். ப்ளீஸ், போய்ப் பாரேன்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஹாலில் வயசான ஆம்பிளைகளை டிவிக்கு முன்னால் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஒருவர் தாடையில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. துடைக்க யாருக்கும் தோன்றவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். புருஷனை ஹோமில் போட்டுவிட்டு கனடா போனவள் என்று சர்ச்சில் யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது. அதைவிட முக்கியம், அவரை அந்நியர் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை.

"ஹோமெல்லாம் வேண்டாம், அப்பாவையும் கூட்டிக்கிட்டு வரேன்" என்றேன் ஜென்சியிடம். அவரால் விமானத்தில் அத்தனை தூரம் போக முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை. மாசமாக இருக்கிற பெண்ணைக் கலங்க வைப்பானேன்?

ஹாலிஃபாக்ஸில் செப்டம்பரிலேயே இலையெல்லாம் சிவந்து கொட்ட ஆரம்பித்துவிடுமாம். இலையுதிர் காலம் என்று பாடப் புத்தகத்தில் படித்ததோடு சரி, நமக்கு அது தெரியாது. அந்தக் குளிருக்கென்று பின்ன ஆரம்பித்தேன். அவருக்கு மரூன் கலரில் கழுத்து மூடிய ஸ்வெட்டர், அதே கலரில் மஃப்ளர், காதை மறைக்கிற குல்லா, முழங்கால் வரை சாக்ஸ். பின்னி முடித்ததும் போட்டுப் பார்த்தேன். அளவு பார்க்காமல் எப்படி எடுத்துப்போவது? உடம்பு குளிருடுப்புக்குப் பழகவும் வேண்டுமே. ஏசி போட்டால் சளி பிடிக்கும் என்று நிறுத்தினேன். ஃபேன் காற்றும் அப்படித்தான்.

அப்போது கத்திரி வெயில். எங்கள் படுக்கையறைக்கு மேலே மொட்டை மாடி. சாயங்காலம்கூடச் சுவரில் கை வைக்க முடியாது.

அவர் இடது கையால் முன்பக்கப் பட்டனைப் பிடித்து இழுத்தார். அதனால் பட்டனை முதுகுப் பக்கம் மாற்றினேன். குல்லாவைத் தள்ளிவிட்டார். தாடைக்குக் கீழே நாடா வைத்தேன். நாடாவை அவிழ்க்கப் பார்த்தார். அதற்கப்புறம்தான் அந்தக் கையுறை. விரல் பிரிக்காமல், பை மாதிரி. அதைப் போட்டால் எதையும் பிடிக்க வராது. பின்னல் வேலையில் இதுதான் சுகம், மேடம். ஒரு குறை தெரிந்தால் அடுத்த வரிசையிலேயே சரிசெய்துவிடலாம்.

வீடியோ காலில் ஜென்சி பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டாள். அவள் பக்கம் இன்னும் குளிர் விடவில்லை, அவளும் ஸ்வெட்டரில்தான் இருந்தாள். "அய்யோ, அப்பா செம க்யூட்மா" என்றாள். அவர் போனைப் பார்த்துக் கையுறையை வேகமாக ஆட்டினார். வாய் கோணிக்கொண்டு ஏதோ சத்தம் வந்தது. "பாரு, உனக்கு டாட்டா காட்டுறார்" என்றேன். அவளும் டாட்டா காட்டினாள்.

முத்தாலம்மாளை நீங்கள் விசாரித்துவிட்டீர்கள். கோவளத்திலிருந்து மீன் கொண்டு வருகிறவள். அவருக்கு அவள் கொண்டுவரும் சங்கரா மீன்தான் பிடிக்கும். ஐயாவைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று உள்ளே வந்தவள், கூடையைத் தரையில் போட்டுவிட்டு நேரே போய்க் குல்லாவைப் பிடுங்கினாள்.

"இன்னா டீச்சரம்மா இது? ஐயா வெந்துகினு கீறாரு. தலையெல்லாம் தண்ணியா ஊத்துது பாரு. ஃபேனைப் போடும்மா."

"டாக்டர் சொல்லித்தான் போட்டிருக்கேன்" என்றேன்.

"எந்த டாக்டர் சொன்னான்? அவனை இங்க வந்து இதைப் போட்டுகினு குந்தச் சொல்லு."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. வியர்வை கண்ணில் இறங்கினால் எரியும்தானே. அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனாள். அடுத்த தடவை அவள் வந்தபோது, மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டோம் என்று கேட்டிலேயே சொல்லி அனுப்பினேன்.

அவர் போன அன்று மதியம் கரண்ட் இல்லை. அனல் காற்று அடித்ததால் ஜன்னலைச் சாத்தியிருந்தேன். முகம் செங்கல் மாதிரி சிவந்து, பிறகு வியர்ப்பது நின்றுவிட்டது. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூச்சில் மாற்றம் தெரிந்த பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர் கத்தரிக்கோலை எடுத்து ஸ்வெட்டரைக் கழுத்திலிருந்து நெடுக வெட்டினார். முதுகில் பட்டன் இருக்கிறது என்று நான் சொல்வதற்குள் பின்னல் மொத்தமும் பிரிந்துவிட்டது.

"முதுகுல பட்டனா? எதுக்கும்மா?" என்று கேட்டார். அவர் கழட்டிடுவார் என்று சொன்னேன். டாக்டர் அந்தக் கையுறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் வந்திருக்க வேண்டும்.

ஜென்சி அடக்கத்துக்கு வரவில்லை. இந்த நிலைமையில் அவளுக்கு அலைச்சல் கூடாது. நீங்கள் அவளிடம் பேசியதிலிருந்து என் போனை எடுப்பதில்லை. அசதியாக இருக்கும். விசாவுக்கு என் பெயரை மட்டும்தான் கொடுத்திருந்தேன், அதுவும் வந்துவிட்டது. கோடை தொடங்கும் முன்பே மனு கொடுத்தது. இதைத் தற்செயல் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சொல்லவும் இல்லை.

ஒன்றை மட்டும் டாக்டரிடமும் சொல்லவில்லை, பாஸ்டரிடமும் சொல்லவில்லை.

அன்று மதியம் நான் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிறக்கப்போகிற குழந்தைக்கு ஒரு சின்ன ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கலர். ஒரு கை முடிந்திருந்தது, அடுத்தது ஆரம்பித்திருந்தேன். "மெட்டி" என்று கூப்பிட்டார்.

பேச்சு போனதற்கப்புறம் அதுதான் முதல் வார்த்தை. ஜென்சி பிறப்பதற்கு முன்னால் என்னை அப்படிக் கூப்பிடுவார். ஊசியை மடியில் வைத்துவிட்டுக் குனிந்தேன்.

"கழட்டு மெட்டி" என்றார்.

குழறவே இல்லை, மேடம். தெளிவாக இருந்தது. பேச்சு திரும்புகிறது என்றால் ஆள் தேறிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இன்னும் ஒரு வருஷமோ பத்து வருஷமோ இருப்பார். ஜென்சியிடமும் பேசுவார். இதெல்லாம் எனக்கு அந்த ஒரு கணத்திலேயே புரிந்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டு, நழுவியிருந்த மஃப்ளரை இன்னொரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சின்ன ஸ்வெட்டரின் கை முடிகிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.

தெரிந்தேதான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கூடவே இதையும் எழுதுங்கள். கடைசி மூச்சு வரைக்கும் நான் அவர் பக்கத்திலேயே இருந்தேன். ஹோமில் விட்டிருந்தால் அவருக்கு அப்படி யார் உட்கார்ந்திருப்பார்கள்?